பறவையின் பையும் மனிதனின் குருதியும்

இத்தாலி நாட்டுப் பாதுவா நகரத்துப் பல்கலைக்கழகத்தில், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் பல ஆண்டுகள் உடற்கூற்று இயலைக் கற்பித்துவந்தவர் பாப்ரீசியஸ் என்னும் பேராசிரியர். குருதியின் சுழற்சியைக் கண்டுரைத்த வில்லியம் ஹார்வி அவரிடம் பயின்றவர் என்று சொன்னால், ஆசிரியரின் தகுதி எளிதில் விளங்கும். 1619ஆம் ஆண்டில் பாப்ரீசியஸ் காலமானார். முட்டையும் குஞ்சும் உருவாகும் விதத்தைப் பற்றி அவர் எழுதிவைத்திருந்த நூல் இரண்டாண்டு கழித்து, 1621இல், அச்சாகி வெளிவந்தது. கோழியின் எச்சம் வெளிப்படும் வழியை அடுத்து, முதுகுப்புறமாக, ஒரு சிறு பை இருப்பதை அந்நூலில் அவர் குறித்திருக்கிறார். சேவலின் வித்து தங்கியிருப்பதற்கான இடம் அது என்பது அவருடைய கருத்து. கருத்து பிழையானது, அந்தப் பை சேவலுக்கும் உண்டு. ஆனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 'பாப்ரீசியஸின் பை' என்றே விலங்கியல் நூல்கள் அதைச் சொல்லிவந்தன. அது எதற்காக இருக்கிறது என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எவரும் அறியவில்லை. குஞ்சாக இருக்கும்போது விரைந்து வளர்ந்து, பறவை பருவமடையும்போது சுருங்கி மறையத் தொடங்கும் உறுப்பு அது. ஆகவே வளர்ந்த கோழியை அறுத்துத் துப்புரவு செய்கிறவர்களின் கண்ணிலும் அது படுவது அரிது.

மனிதனுக்கு இந்தப் பை இல்லை. ஆயினும், நம் குருதியில் உலவும் ஒரு வகை வெள்ளணுக்கள் இன்று உலகெங்கும் வழங்கும் தம் பெயரை இந்தப் பையிலிருந்தே பெற்றன. இலத்தீன் மொழியில் பைக்குப் 'பர்ஸா' என்று பெயர். அதன் முதலெழுத்தைக் கொண்டு அவற்றைப் 'பி அணுக்கள்' என்கிறோம். நோய்க்கிருமிகளைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குபவை அவையே. கோழிக்குஞ்சின் பைக்கும் மனிதக் குழந்தையின் உயிருக்கும் உள்ள இந்தத் தொடர்பு எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும், அதனோடு பின்னிக்கிடந்த ஒரு நெடிய வழக்கையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். உடம்பு தன் பகைவனைக் கண்ட பிறகுதான் அவனுக்கேற்ற ஆயுதத்தைச் செய்யக் கற்கிறதா, அல்லது காணுமுன்பே அதைக் கையில் வைத்திருக்கிறதா என்பதே அந்த வழக்கு.

எதிர்ப்பொருள் என்ற ஒன்று உண்டு என்பது 1890ஆம் ஆண்டு டிசம்பரில் தெரியவந்தது. பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த எமில் பேரிங் என்ற ஜெர்மானியரும், கிடசாட்டோ ஷிபாசாபுரோ என்ற ஜப்பானியரும் ஒரு மருத்துவ வார இதழில் தங்கள் சோதனைகளை வெளியிட்டார்கள். தனுர்வாத நச்சைத் தாங்கும்படி பழக்கப்பெற்ற முயலின் குருதியிலிருந்து அணுக்களை நீக்கினால், தெளிந்த நீர் எஞ்சும். சீரம் எனப்படும் அந்த நீரைச் சுண்டெலிக்குச் செலுத்தினால், தனுர்வாதம் சுண்டெலியையும் தீண்டுவதில்லை. ஆகவே காப்புத்தன்மை குருதியின் நீரில் கரைந்திருக்கும் ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். தொண்டை அடைப்பான் நோயிலும் இவ்வாறே நிகழ்வதைப் பேரிங் காட்டினார். 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கிடசாட்டோவுக்கு அதில் பங்கு கிட்டவில்லை என்பது இன்று இவ்வரலாற்றைப் படிப்போர் மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பு ஏட்டோடு நின்றுவிடவில்லை. குதிரைக்கு நச்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, பின் அதன் குருதியிலிருந்து மருந்து எடுக்கும் முறை சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் பரவிற்று. நம் நாட்டில் பாம்புக்கடிக்கு இன்று ஏற்றப்படும் நச்சுமுறி மருந்தும் அதே வழியில் வருவதுதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் நஞ்சும் குதிரைக்குச் செலுத்தப்படுகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், இருளர் குலத்தார் 1978இல் அமைத்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அந்த நஞ்சை எடுத்துத் தருவதில் பெயர்பெற்றது. கடிபட்டவரைக் காப்பது குதிரையின் எதிர்ப்பொருள். அதை உண்டாக்கியவை குதிரையின் பி அணுக்களின் வழிவந்தவை.

பொருள் உண்டு என்று தெரிந்தது. அது எப்படி உண்டாகிறது? பால் எர்லிக் என்ற மேதை 1897இல் ஒரு விளக்கம் தந்தார். 1900இல் லண்டனில் அதை விரித்துரைத்தார். உயிரணுவின் மேற்பரப்பில் பல வடிவமான கைகள் நீண்டிருக்கின்றன. ஒரு நச்சுப்பொருள் தனக்குப் பொருந்திய கையைப் பற்றிக்கொண்டால், உயிரணு அதே வகைக் கையை மிகுதியாக உண்டாக்கிக் குருதியில் உதிர்க்கிறது. உதிர்ந்த கைகளே எதிர்ப்பொருள்கள் என்றார் அவர். இன்று நோக்கும்போது, உண்மையின் வாசலருகே அவர் நின்றிருந்தார் என்று தோன்றுகிறது. ஆனால் அடுத்த தலைமுறை அவரை நம்ப மறுத்தது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது.

மனிதக் குருதியின் வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர், சோதனைச் சாலையில் செயற்கையாக ஆக்கிய இரசாயனப் பொருள்களைப் புரதங்களோடு ஒட்டி முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். இயற்கையில் ஒருபோதும் இருந்திராத பொருள்கள் அவை. முயலின் முன்னோர் எவரும் அவற்றைச் சந்தித்திருக்க முடியாது. ஆயினும் முயல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எதிர்ப்பொருளை உண்டாக்கிற்று. மூலக்கூறில் ஓரிரு அணுக்கள் இடம் மாறினாலும் அந்த வேறுபாட்டை அது உணர்ந்தது. நாளை எந்த இரசாயன நிபுணர் எதை ஆக்குவார் என்று அறிந்து, அதற்கான கையை முன்கூட்டியே ஓர் உடம்பு வைத்திருக்குமா? முடியாது என்றே அறிஞர் பலரும் எண்ணினர். ஆகவே 1930இல் பிராகு நகரத்தில் பிரைனல், ஹௌரோவிட்ஸ் என்ற இருவரும், 1940இல் அமெரிக்காவில் லினஸ் பாலிங்கும் வேறொரு கொள்கையைக் கூறினர். அந்நியப் பொருளே அச்சாக அமைகிறது; எதிர்ப்பொருளின் புரதம் அதன் மேல் படிந்து, அதன் வடிவுக்கேற்ப மடிந்துகொள்கிறது என்பது அக்கொள்கை. தையற்காரர் ஆளை நிறுத்தி அளவெடுத்துச் சட்டை தைப்பதைப் போன்றது இது. எர்லிக் கூறியதோ, எல்லா அளவிலும் தைத்துத் தொங்கவிட்டிருக்கும் ஆயத்த ஆடைக் கடை. அளவெடுத்துத் தைப்பது சிக்கனம். கடை வைப்பது ஊதாரித்தனம். இயற்கை சிக்கனமானது என்ற நம்பிக்கையும் பாலிங்கின் புகழும் சேர்ந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தையற்காரரே வென்றார்.

ஆனால் தையற்காரர் விளக்க முடியாத சில செய்திகள் இருந்தன. வட அட்லாண்டிக் கடலில் பரோ தீவுகள் என்ற டென்மார்க் நாட்டுத் தீவுக் கூட்டம் உள்ளது. அங்கே 1781இல் தட்டம்மை பரவி ஓய்ந்தது. பிறகு 65 ஆண்டுகள் அந்நோய் அத்தீவுகளை எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் அது மீண்டும் வந்தபோது மக்களில் பெரும்பாலோரைப் பற்றிக்கொண்டது. நிலைமையை ஆராயச் சென்ற பானும் என்ற இளம் மருத்துவர், 1781இல் குழந்தைப் பருவத்தில் நோய்வாய்ப்பட்டுப் பிழைத்திருந்த முதியவர்களை மட்டும் நோய் தீண்டவில்லை என்று குறித்துவைத்தார். எதிர்ப்பொருளுக்கு அச்சு வேண்டுமென்றால், அச்சு இருக்கும்வரைதான் வார்ப்பும் நடைபெறும். 65 ஆண்டுகள் அச்சு எங்கே இருந்தது? மற்றொன்று: உடம்பின் சொந்தப் பொருள்களும் புரதங்களே. அவற்றை அச்சாகக் கொண்டு உடம்பு தனக்கெதிராகவே ஏன் ஆயுதம் செய்வதில்லை?

இவ்வினாக்கள் ஒருபுறம் நிற்க, எதிர்ப்பொருளை உண்டாக்குவது உடம்பின் எந்தப் பகுதி என்பதே வெகுகாலம் தெரியாமலிருந்தது. சீரத்தை மின்னோட்டத்தில் வைத்து அதிலுள்ள புரதங்களைப் பிரிக்கும் கருவியை ஸ்வீடன் நாட்டு டிசேலியஸ் அமைத்தார். அக்கருவியைக் கொண்டு அவரும் காபட்டும், எதிர்ப்பொருள்கள் 'காமா குளாபுலின்' என்ற பகுதியில் இருப்பதை 1939இல் காட்டினர். 1948இல் ஸ்டாக்ஹோமில் ஆஸ்ட்ரிட் பாக்ரேயஸ் என்ற பெண்மணி தம் பட்டத்துக்கான ஆராய்ச்சி ஏட்டில், 'பிளாஸ்மா அணு' எனப்படும் முட்டை வடிவமான உயிரணுக்களே எதிர்ப்பொருளைச் சுரப்பவை என்று நிலைநாட்டினார். ஆனால் அந்தப் பிளாஸ்மா அணுக்கள் எதிலிருந்து தோன்றுகின்றன?

இதற்கான விடை, ஒன்றையொன்று அறியாத இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று மருத்துவமனை; மற்றொன்று கோழிப்பண்ணை.

வாஷிங்டனில் அப்போது இருந்த வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் குழந்தை வைத்தியராக இருந்தவர் கர்னல் ஆக்டன் புரூட்டன். அவரிடம் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். நான்கு ஆண்டுகளில் 19 முறை கிருமிகள் அவன் உடம்பைத் தாக்கிச் சாவின் விளிம்புவரை கொண்டுசென்றிருந்தன. ஒவ்வொரு முறையும் மருந்துகளால் அவன் மீட்கப்பட்டான். ஒவ்வொரு முறையும் நோய் திரும்பி வந்தது. தடுப்பூசி போட்டும் அவன் குருதியில் எதிர்ப்பொருள் தோன்றவில்லை. அவனுடைய சீரத்தை டிசேலியஸின் முறைப்படி பிரித்துப் பார்த்தார்கள். எல்லோருடைய சீரத்திலும் காணப்படும் காமா குளாபுலின் அவனிடத்தில் அடியோடு இல்லை. பிறரது குருதியிலிருந்து எடுத்த காமா குளாபுலினைத் திங்கள்தோறும் அவனுக்கு ஊசி வழியே செலுத்தினார் புரூட்டன். நோய் விட்டுவிலகியது. 1952இல் இதை அவர் வெளியிட்டபோது, எதிர்ப்பொருள் இன்றி மனிதன் வாழ முடியாது என்பது முதன்முறையாக ஒரு குழந்தையின் வாழ்வைக் கொண்டே மெய்ப்பிக்கப்பட்டதாயிற்று. இப்படிப்பட்ட குழந்தைகள் பிறந்த முதல் ஆறு திங்கள் வரை நலமாகவே இருக்கிறார்கள் என்பதும் பின்னர் விளங்கிற்று. கருவில் இருக்கும்போது தாய் கொடுத்த எதிர்ப்பொருள் கரையும்வரை அதுவே அவர்களுக்குக் காவல்.

கோழிப்பண்ணைக் கதை ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே கோழி வளர்ப்பு இயல் பயின்ற புரூஸ் கிளிக் என்ற மாணவர், ஒருநாள் தம் பேராசிரியர் ஒரு வாத்தினத்துப் பறவையை அறுத்துப் பார்க்கும்போது, பின்புறம் இருக்கும் பையைக் காட்டி இது என்ன, இதன் வேலை என்ன என்று கேட்டார். நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி என்ற பொருள்பட விடை கிடைத்தது. கிளிக் அதை வெறும் மறுமொழியாக எடுத்துக்கொள்ளவில்லை. பை எப்போது வேகமாக வளர்கிறது என்று அளந்தார்; பொரித்த முதல் மூன்று வாரங்களில் என்று கண்டார். அப்பருவத்திலேயே குஞ்சுகளிடமிருந்து அதை அறுத்து நீக்கிப் பார்த்தார். குஞ்சுகள் தின்றன, வளர்ந்தன. குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் தென்படவில்லை. ஆராய்ச்சி அதோடு முடிந்திருக்கக்கூடும்.

அப்போது அவருடைய சக மாணவர் திமோதி சாங் என்பவருக்கு ஒரு வகுப்பு நடத்த வேண்டியிருந்தது. கோழிக்குச் சால்மொனெல்லா என்ற கிருமியைச் செலுத்தினால் அதன் குருதியில் எதிர்ப்பொருள் தோன்றுவதை மாணவர்களுக்குச் செய்து காட்டவேண்டும். கோழி வாங்கப் பணம் ஏது? கிளிக்கிடம் சோதனை முடிந்து மீந்திருந்த கோழிகளை இரவல் வாங்கினார். வகுப்பில் செய்து காட்டல் தோல்வியுற்றது. சில கோழிகளிடத்தில் எதிர்ப்பொருள் தோன்றவேயில்லை. வேறொருவராயின் மருந்து கெட்டுவிட்டது என்று சொல்லி மறுநாள் புதிய கோழி தேடியிருப்பார். சாங்கும் கிளிக்கும் காலில் கட்டியிருந்த எண்களைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் தராதவை பை நீக்கப்பட்ட கோழிகள்! பிறகு பல கோழிகளைக் கொண்டு முறையாகச் செய்து பார்த்தும் அதுவே முடிவாயிற்று. கட்டுரையைப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழ் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அவ்விதழ் அதை ஏற்கவில்லை. 1956இல் அது கோழி வளர்ப்போர் படிக்கும் ஓர் இதழில் வெளிவந்தது. மருத்துவ உலகம் கோழி வளர்ப்பு இதழைப் படிப்பதில்லை. ஆகவே இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் பெருஞ் செய்திகளுள் ஒன்று சில ஆண்டுகள் அங்கேயே உறங்கிற்று.

இதனிடையே, மார்பெலும்பின் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்கும் நோய் எதிர்ப்பில் பெரும்பங்கு உண்டு என்று ழாக் மில்லர் 1961இல் லண்டனில் காட்டினார். அப்படியானால் பைக்கு என்ன வேலை, தைமஸுக்கு என்ன வேலை? மினசோட்டாவில் ராபர்ட் குட் என்பவரின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த மாக்ஸ் கூப்பர் என்ற குழந்தை வைத்தியர் இதைப் பிரித்தறிய முற்பட்டார். அவர் கண்ட நுட்பம் ஒன்றுதான்: குஞ்சு பொரிக்குமுன்பே சில அணுக்கள் பையிலிருந்தும் தைமஸிலிருந்தும் கிளம்பி உடம்பில் பரவியிருக்கலாம், ஆகவே உறுப்பை அறுத்தால் மட்டும் போதாது. உறுப்பை நீக்கியபின், ஏற்கெனவே பரவிய அணுக்களை எக்ஸ் கதிரால் அழித்தார். விடை பளிச்சென்று தெரிந்தது. தைமஸ் இழந்த குஞ்சுகள் அந்நியத் தோலை ஒட்டினால் ஒதுக்கித்தள்ளும் திறனில் குன்றின. அவற்றின் பிளாஸ்மா அணுக்களுக்குக் குறைவில்லை. பை இழந்தவை அந்நியத் தோலை ஒதுக்கித்தள்ளின. ஆனால் ஒரு பிளாஸ்மா அணுவும் ஓர் எதிர்ப்பொருளும் அவற்றிடத்தில் இல்லை. புரூட்டனின் சிறுவனும் பை இழந்த கோழியும் ஒரே நிலையில் இருப்பதைக் கூப்பர் உணர்ந்தார். 1965இல் அவரும் துணைவரும் எழுதிய கட்டுரை, நோய் எதிர்ப்புப் படை ஒன்றல்ல, இரண்டு என்று உலகுக்கு அறிவித்தது. மூன்றாண்டு கழித்து மெல்போர்னில் மில்லரும் மிட்செல் என்பவரும், எதிர்ப்பொருளைச் செய்வது எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் அணு, அதற்குத் துணைநிற்பது தைமஸ் அணு என்று எலிகளில் காட்டினர். 1969இல் லண்டனில் ஐவன் ராய்ட் என்பவர் இவ்விரண்டுக்கும் டி, பி என்ற எழுத்துப் பெயர்களை வழங்கினார்.

பாலூட்டிகளுக்குப் பை எங்கே என்று தேடியவர்கள் உள்நாக்குச் சதை, குடல்வால் என்று பலவற்றையும் ஐயுற்றனர். 1974இல், எலியின் கருவில் முதலில் ஈரலும், பின்பு வாழ்நாள் முழுதும் எலும்பு மஜ்ஜையும் பி அணுக்களின் பிறப்பிடங்கள் என்று தெளிந்தது. ஆங்கிலத்தில் எலும்பு மஜ்ஜைக்கு வழங்கும் பெயரும் அதே எழுத்தில் தொடங்குவதால், எவரும் பெயரை மாற்ற வேண்டியிராமல் போயிற்று.

இனித் தையற்காரர் வழக்குக்குத் திரும்புவோம். 1955இல் டென்மார்க் அறிஞர் நீல்ஸ் யெர்னே, உடம்பில் எல்லா வகை எதிர்ப்பொருளும் சிறிது சிறிது முன்பே இருக்கின்றன என்று எழுதி, எர்லிக்கின் கடையை மீண்டும் திறந்தார். 1957இல் ஆஸ்திரேலியாவின் மாக்பார்லேன் பர்னட், அக்கருத்தைத் திருத்தி, கடையில் தொங்குவது எதிர்ப்பொருள் அன்று, உயிரணு என்றார். அமெரிக்கரான டால்மேஜும் அதே ஆண்டில் அதே கருத்தை அணுகியிருந்தார். ஒவ்வோர் அணுவும் ஒரே ஒரு வடிவமான எதிர்ப்பொருளையே செய்ய வல்லது. அந்நியப் பொருள் வரும்போது அதற்குப் பொருந்திய அணுவைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வு பெற்ற அணு பல்கிப் பெருகுகிறது. தனக்கே பகையான அணுக்கள் இளமையிலேயே அழிக்கப்படுகின்றன. பரோ தீவின் முதியவர்களிடத்தில் 65 ஆண்டுகள் நீடித்திருந்தது அச்சன்று. தேர்வு பெற்ற அணுக்களின் சந்ததி. பர்னட் இதைப் பெரிய இதழ் எதிலும் வெளியிடாமல், ஆஸ்திரேலியாவின் சிறிய இதழ் ஒன்றில் வெளியிட்டார். கருத்து சரியானால் முதன்மை தமக்கு, பிழையானால் வெளிநாட்டார் அதிகம் பேர் கவனிக்கமாட்டார்கள் என்பது எண்ணம். இந்த முன்னெச்சரிக்கையைப் பின்னாளில் அவரே மறைக்காமல் சொன்னார்.

கொள்கையைச் சோதித்தவர் பர்னட்டின் மாணவரான நாசல். பார்வையிட வந்திருந்த லெடர்பர்க் என்ற அமெரிக்கரும் அவருடன் சேர்ந்துகொண்டார். எலிக்கு இரண்டு வகைச் சால்மொனெல்லாவைச் செலுத்தினார்கள். பிறகு அதன் நிணநீர் முடிச்சிலிருந்து அணுக்களை எடுத்து, எண்ணெயின் அடியில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்துளிகளாக, துளிக்கு ஓர் அணு வீதம் வைத்தார்கள். அத்துளிக்குள் நீந்தும் கிருமிகளை விட்டார்கள். கிருமி நின்றுவிட்டால் அங்கே எதிர்ப்பொருள் சுரந்திருக்கிறது என்று பொருள். தையற்காரர் கொள்கைப்படி, ஓர் அணு இரு வகைக் கிருமியையும் நிறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் ஆராய்ந்த அணுக்களில் ஒன்றுகூட அவ்வாறு செய்யவில்லை. நிறுத்தியவை ஒரு வகையை மட்டுமே நிறுத்தின. 1958இல் இது வெளியாயிற்று. வழக்கின் தீர்ப்பு அன்றே எழுதப்பட்டது என்பது என் கருத்து. அறிவியல் உலகம் முழுதும் அதை ஏற்க மேலும் பத்தாண்டுகள் ஆயின.

ஆயினும் பழைய கேள்வி அப்படியே இருந்தது. எண்ணிறந்த வடிவங்களை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபுக் கட்டளை வேண்டாமா? மனிதனிடத்தில் புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000தான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் சுசுமு டோனெகாவா என்ற ஜப்பானியர் 1976இல் இப்புதிரை விடுவித்தார். எலிக் கருவின் மரபுப் பொருளையும், எதிர்ப்பொருள் செய்யும் அணுவின் மரபுப் பொருளையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றாக இல்லை. கருவில் தொலைவில் கிடந்த துண்டுகள், வளர்ந்த அணுவில் அருகருகே இணைந்திருந்தன. ஓர் உடம்பின் எல்லா அணுக்களிலும் மரபுப் பொருள் ஒன்றே என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. பி அணு எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது, மூன்று கூடைகளிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக் கோப்பதைப் போல, தன் மரபுத் துண்டுகளைத் தானே வெட்டிச் சேர்த்துக்கொள்கிறது. மனிதனில், எதிர்ப்பொருளின் பெரிய சங்கிலிக்கு முதல் கூடையில் ஏறத்தாழ நாற்பதும், இரண்டாவதில் இருபதுக்கு மேலும், மூன்றாவதில் ஆறும் பயன்படும் மணிகள் உள்ளன. சிறிய சங்கிலிக்கு வேறு கூடைகள். இணைக்கும் இடங்களில் சில எழுத்துகள் குருட்டாம்போக்காகச் சேரவும் கழியவும் செய்வதால், வடிவங்களின் எண்ணிக்கை கோடிகளைக் கடந்துபோகிறது. சிக்கனமானவள் என்று எண்ணியிருந்த இயற்கை, இவ்விடத்தில் சூதாடியைப் போல நடந்துகொள்கிறாள். 1987இல் டோனெகாவா நோபல் பரிசு பெற்றார்.

துண்டுகள் சரியாக இணைந்த அணு, தான் செய்த எதிர்ப்பொருளைத் தன் மேற்பரப்பில் ஏறத்தாழ ஓர் இலட்சம் படிகளாக நிறுத்திக்கொள்கிறது. எர்லிக் கூறிய கைகள் இவையே. சரியாக இணையாதவை மடிகின்றன. உடம்பின் சொந்தப் பொருளைப் பற்றிக்கொள்ளும் அணுக்களுள் சில தம் வடிவை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புப் பெறுகின்றன. மாறாதவை அழிகின்றன அல்லது செயலிழக்கின்றன. எஞ்சியவை மண்ணீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் சென்று காத்திருக்கின்றன. பெரும்பாலானவை தமக்குரிய பகைவனைக் காணாமலே சாகின்றன.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது என்கிறோம். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. அங்கே வந்துசேர்ந்த கிருமியின் பகுதியை, பொருத்தமான கை உடைய பி அணு பற்றிக்கொண்டு உள்ளே இழுக்கிறது. அதைத் துண்டாக்கி மேற்பரப்பில் காட்டுகிறது. அதே பகைவனை அறிந்த டி அணு ஒன்று அதைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தால், பி அணு பெருகத் தொடங்குகிறது. ஒருவர் கையொப்பம் போதாது என்ற இந்த ஏற்பாடு, சொந்த உடம்பின்மீது தவறாகப் பாயாதிருப்பதற்காக. பெருகியவற்றில் சில உடனே பிளாஸ்மா அணுக்களாகி எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. மற்றவை முடிச்சுக்குள்ளேயே வட்டமான கூட்டங்களாக அமைந்து, தம் எதிர்ப்பொருளின் மரபுக் கட்டளையில் வேண்டுமென்றே சிறு மாறுதல்களை உண்டாக்கிக்கொள்கின்றன. பகைவனை இன்னும் இறுகப் பற்றுபவை பிழைக்கின்றன, தளர்ந்தவை மடிகின்றன. இம்மாறுதலைச் செய்யும் நொதியை, ஜப்பானில் தசுக்கு ஹோன்ஜோவின் குழுவினர் இருபதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கண்டுபிடித்தனர். முதலில் தோன்றும் பெரிய, ஐந்து கூறான எதிர்ப்பொருள், தாயிடமிருந்து கருவுக்குச் செல்லக்கூடிய சிறிய வகையாக மாறுவதும் அதே நொதியால்தான். குழந்தைகளுக்கு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஒரே தடுப்பூசியை ஏன் மும்முறை போடுகிறார்கள் என்று தாய்மார் கேட்பதுண்டு. இந்தத் தேர்வு மறுபடி மறுபடி நடந்து, பிடி இறுகவேண்டும் என்பதே காரணம். தேர்ந்த அணுக்களில் சில பிளாஸ்மா அணுக்களாகித் தாம் பிறந்த எலும்பு மஜ்ஜைக்கே திரும்பி, ஆண்டுக்கணக்கில் சுரந்துகொண்டிருக்கின்றன. வேறு சில நினைவு அணுக்களாகக் காத்திருக்கின்றன.

புரூட்டன் கண்ட நோய்க்குக் காரணமான மரபணு 1993இல் இரு குழுவினரால் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. அது எக்ஸ் நிறப்புரியில் இருப்பதால், நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. அது ஆக்கும் புரதத்துக்குப் புரூட்டனின் பெயரே இடப்பட்டது. அப்புரதம் இல்லாவிடில் பி அணு எலும்பு மஜ்ஜையில் பாதி வளர்ச்சியோடு நின்றுவிடுகிறது. கோழிக்குஞ்சின் பையை அறுத்ததற்கு ஒப்பான நிலை. இத்தகைய குழந்தைகள் இன்றும் வாழ்நாள் முழுதும் பிறரது எதிர்ப்பொருளை ஏற்றிக்கொண்டே வாழ்கிறார்கள். ஒரு தொகுதி மருந்தை ஆக்க ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொடுத்த குருதிநீர் ஒன்றுசேர்க்கப்படுகிறது. பி அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் சில புற்றுநோய்களில், அதே புரதத்தை வேண்டுமென்றே முடக்கும் மருந்து ஒன்று 2013ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இப்போது நம் நாட்டு மருத்துவர்களும் அதைக் கொடுக்கிறார்கள்.